முனை ஒடிந்த பேனாக்கத்தி

28-7-1973, சனி

இன்றைக்கு எனக்கு அடித்தது யோகம்! கிருத்திகைக் கூட்டமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்றே, இனி கால் வைக்க இடமிருக்கும் என்று சரவணப் பொய்கைக்குப் போனேன். கடைசிப் படியில், வாடிய மாலைக் குவியலுக்கு அடியில் ஏதோ பளிச்சென்றது. எடுத்தால் பேனாக்கத்தி! எலும்புப் பிடி. அதில் யாரோ ஊசியால் ‘கு’ என்று கீறி வைத்திருக்கிறார்கள்.

கரையில் இருந்த கடைகளில் எல்லாம் விசாரித்தேன், யாராவது தேடிக்கொண்டு வந்தார்களா என்று. தேங்காய்க் கடைக்காரர் சிரித்தார். “ஊரே காவடி எடுத்துகினு வந்துச்சி, இதுல எவன்னு கண்டோம்? முருகன் குடுத்தான்னு வெச்சிக்கம்மா” என்றார். அந்தக் குப்புசாமியோ குமரேசனோ இந்நேரம் வேட்டி மடிப்பைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருப்பார், பாவம். அவர் வரும்வரை நான் வைத்திருக்கிறேன். வராவிட்டாலும் வைத்திருப்பேன்.

மற்றக் கத்திகளோடு இதையும் என் டப்பாவில் போடுவதை அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “கழுத்துல தாலி ஏற வேண்டிய வயசு. இவளுக்கு டப்பாவுல கத்தி ஏறுது!”

30-7-1973

எலும்புப் பிடிக்கு எண்ணெய் விட்டேன். மடக்கும்போது ‘டக்’ என்கிறது. ஆகா, என்ன சுகம்!

12-8-1973, ஞாயிறு

தரகர் பச்சையப்பன் வந்திருந்தார். அம்மையார்குப்பத்தில் ஒரு பையனாம். பெயர் கஜபதி. அண்ணனும் தம்பியுமாகப் பவர்லூம் ஓட்டுகிறார்களாம். ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம்.

வரட்டும். எனக்கென்ன.

26-8-1973, ஞாயிறு

அம்மா என் பிஸ்கட் டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். கத்திகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கேட்டால், “பொண்ணு கத்தி சேர்த்து வெச்சிகினு கீறான்னா எவன்டி கட்டிப்பான்? அவங்க எதிர்ல வாயைத் திறந்தே, பார்த்துக்கோ” என்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். நான் என்ன, வெட்டுகுத்துக்கா வெச்சிருக்கேன்? மீன் மாதிரி இருக்கிற கத்தி என் சினேகிதி கமலா கொடுத்தது. அவள் கல்யாணமாகிப் பம்பாய்க்கு ரயில் ஏறின அன்று, பிளாட்பாரத்தில் ஒரே கொய்யாவை அதால் அறுத்து ஆளுக்குப் பாதி தின்றோம். கறுப்புக் கத்தி லாரி ஓட்டுகிற வரதராஜன் மாமா விஜயவாடாவில் வாங்கி வந்தது. மாமாவின் பீடி வாசனை இன்னும் அதில் இருக்கிறது. வேறு யாருக்கும் அந்த வாசனை தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வரச்சொல்கிற வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும்? டப்பா வராத வீட்டுக்கு நானும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நைனா தறியிலிருந்தே குரல் கொடுத்தார்: “சீர்வரிசையில டப்பாவையும் ஒண்ணா வெச்சிடலாம்மா, அழாதே.” நான் எங்கே அழுதேன்? மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.

ஒரு கத்தியை மட்டும் அம்மாவால் பரணேற்ற முடியவில்லை. நைனாவின் பழைய கத்தி. தறிக் குழலில் ஊடை நூலைத் தார் சுற்றும்போது அறுக்க அதுதான் எனக்கு வேண்டும், இடுப்பிலேயே செருகியிருப்பேன். அதற்கு முனை கிடையாது. நான் பிறந்த சேதி வந்தபோது நைனா பாவு நூலை அறுத்துக்கொண்டிருந்தாராம். எழுந்து ஓடுகிற அவசரத்தில் தறிக்கட்டையில் குத்தி முனை ஒடிந்துபோனதாம். அந்தக் கத்திக்கும் எனக்கும் ஒரே பிறந்தநாள்!

7-9-1973, வெள்ளி

என்ன செய்துவிட்டேன் நான்!

சாயங்காலம் வந்தார்கள். அவர், அவருடைய அம்மா மணியம்மை, அண்ணன். நான் தலையைக் குனிந்துகொண்டு கேசரி கொடுத்தேன், காப்பி கொடுத்தேன், வாயைத் திறக்கவே இல்லை. மணியம்மை அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. “வாம்மா, பூ வெச்சி விடறேன்” என்று வாழை இலைப் பொட்டலத்தை எடுத்தார்கள். பூ வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முடிச்சு அவிழவில்லை. நெசவுக்காரன் போட்ட முடிச்சு லேசில் அவிழுமா? அவர்களும் நகத்தால் நெம்பிப் பார்க்கிறார்கள், பல்லால் கடித்துப் பார்க்கிறார்கள். நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாக. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன், விரித்தேன், ஒரே இழுப்பு. நூல் அறுந்தது.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இடுப்பிலிருந்து கத்தி எடுத்தால்!

அவர்தான் முதலில் பேசினார். “முனை எங்கே?” என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அவ்வளவுதான், எனக்கு மடை திறந்துவிட்டது. நைனா ஓடின கதை, கமலாவின் மீன், பொய்கைப் படியில் கிடைத்த ‘கு’ எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா பரண்மேல் இருக்கிறது என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அம்மா பின்னாலிருந்து கிள்ளுகிறாள், எனக்கு உறைக்கவில்லை. அவர் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை நாளில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை!

“குடுங்க, பார்க்கறேன்” என்று கை நீட்டினார். கொடுத்தேன். கையிலேயே கொடுத்துவிட்டேன்.

“அய்யய்யோ!” என்றார்கள் மணியம்மை அம்மா. “கத்தியைக் கையோட கையா குடுத்தா ரெண்டு பேருக்கும் தீராத சண்டையாச்சே! கீழ வெச்சி எடுக்கணும்னு பச்சைக் குழந்தைக்குத் தெரியுமே! பொண்ணு பார்க்க வந்த எடத்துலயா?”

எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் அரிவாள்மனையைக்கூடத் தரையில் வைத்துத்தான் எடுப்போம். சந்தோஷத்தில் மறந்துபோச்சு. “சொல்லி அனுப்பறோம்” என்று எழுந்து போய்விட்டார்கள். பூ தட்டிலேயே கிடக்கிறது.

8-9-1973

கத்தி வீட்டில் இல்லை. மடக்கிச் சட்டைப் பையில் போட்டவர் அந்தக் கலவரத்தில் அப்படியே போய்விட்டார். கத்தியும் போயிற்று, அவரும் போனார். எது போனதற்காக எனக்கு இப்படி அடித்துக்கொள்கிறது? இரண்டுக்கும்தான். எனக்கு அவர் வேண்டும். எழுதிவிட்டேன்.

12-9-1973, புதன்

தரகர் வந்தார். “அம்மாக்காரிக்குப் பொண்ணு மேல குறையில்லை. சகுனந்தான் சரியில்லேன்றாங்க. வேற எடம் பார்க்கறோம், கவலைப்படாதீங்க.”

வேறு இடமாம்.

16-9-1973, ஞாயிறு

வந்தார்! வந்தார்! தனியாக, பஸ்ஸில், முன்கூட்டிச் சொல்லி அனுப்பாமல்! நான் வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். ராட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்ததில் நூலெல்லாம் சிக்கு.

நைனாதான் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. “உங்க கத்தி எங்கிட்ட வந்துட்டுதுங்க” என்று நைனாவிடம்தான் ஆரம்பித்தார், பார்த்தது மட்டும் என்னை. “பட்டறையில சாணைக்கல்லு கீது. முனையைத் தேய்ச்சிக் கூர் பண்ணிக் குடுத்துடலாம்னு கல்லுகிட்ட வரைக்கும் கொண்டுபோனேன். அப்புறம், இது இவங்க பொறந்த அன்னிக்கு ஒடிஞ்சதாச்சேன்னு விட்டுட்டேன்.”

அந்த நிமிஷம்! என் வீட்டு ஆட்களே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்கள், முனையைத் தேய்த்துவிடேன் என்று.

அம்மா மெல்லக் கேட்டாள், “உங்க அம்மா இன்னா சொல்றாங்க?”

“நேத்து கேட்டேங்க. ‘நீயும் நானும் தெனம் சண்டை போடறமே, எந்தக் கத்தியைக் கையில குடுத்துகினோம்?’னு. அவங்களே சிரிச்சிட்டாங்க. உன் இஷ்டம்னுட்டாங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “சண்டை வந்தா வரட்டுங்க. ஒண்ணா இருந்தாத்தானே சண்டை வரும்?” என்றார்.

சொல்லிவிட்டுக் கத்தியை நீட்டினார். நான் கையிலேயே வாங்கிக்கொண்டேன். நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறார். அம்மா பரணில் ஏறி டப்பாவை இறக்கினாள்! யாரும் சொல்லாமல், அவளாகவே!

17-9-1973

புரட்டாசி பிறந்துவிட்டது. இந்த மாதம் முழுக்கக் கல்யாணப் பேச்சே கூடாதாம். இந்த மாதத்தை எவன் கண்டுபிடித்தான்?

10-2-1974, அம்மையார்குப்பம்

தை மாதத்தில் கல்யாணம் முடிந்து இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. டப்பா எங்கள் அறை அலமாரியில், மேல்தட்டில். இங்கே பகல் முழுக்கப் பவர்லூம் சத்தம். நான் என்ன சொன்னாலும் அவர் “ஆங்? ஆங்?” என்கிறார்.

29-3-1974

பேசமாட்டேன். ‘கு’ கத்தியால் ஸ்க்ரூ திருகியிருக்கிறார்! பவர்லூம் ஸ்க்ரூவை! கத்தியின் கூர் பல்லுப் பல்லாகப் போய்விட்டது. அது நம்ம கத்தியா? பொய்கையில தொலைச்சவருக்காகப் பத்திரமா வெச்சிருக்கோம். அவர் வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது? கேட்டால், “அவசரத்துக்கு எடுத்தேன், ஒரு கத்திக்குப் போயி” என்கிறார். ஒரு கத்தியாம்! இதைச் சொல்வது இவரா?

31-3-1974, ஞாயிறு

இரண்டு நாளாக நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மணியம்மை அத்தைக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ச்சி. ரசம் ஊற்றும்போதெல்லாம் “நான் அன்னிக்கே சொன்னேன்” என்கிறார்கள்.

மத்தியானம் அவர் அரக்கோணம் போய் வந்தார். நேரே என் முன்னால் வந்து குந்தினார். சட்டைப் பையிலிருந்து புதுப் பேனாக்கத்தி ஒன்று, பச்சைப் பிடி. அதைத் தரையில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். “எடுத்துக்கோ. அந்தக் ‘கு’ கத்தியையும் தேய்ச்சிப் பல்லை எடுத்துத் தந்துடறேன்.”

“தேய்க்க வேணாம். பல்லு இருக்கட்டும்” என்றேன்.

“இதையாவது எடுத்துக்கோ.”

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். “அப்பாடா, கீழ வெச்சான்! இப்பவாச்சும் புத்தி வந்துதே.”

நான் எடுக்கவில்லை. கையை நீட்டினேன்.

“கையில குடுங்க. அப்பத்தான் வாங்கிப்பேன்.”

அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அவர் கொடுத்தார்.