கூடைக்கு ஓர் அடையாளம்

4.7.2001, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். அப்படியே விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மலை இறங்கிச் சேந்தமங்கலம். பத்துக் கூடைகள், இரண்டு மூட்டையாக. கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் கேட்டார். வயர்தானே, கனமே இல்லையே என்று தூக்கிக் காட்டிய பிறகு விட்டுவிட்டார்.

சுல்தான் பாய் கடையில் நல்ல செய்தி இல்லை. போன வாரம் ஒரு அம்மா கூடையைக் கொண்டுவந்து வீசிவிட்டுப் போனாராம். ஒரே வாரத்தில் கைப்பிடி பிய்ந்துவிட்டதாம். எடுத்துக் காட்டினார். நம்முடையதே இல்லை. வெளியூரிலிருந்து வந்த சரக்கு. இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டியிருக்கிறார். அதே பச்சை, அதே அளவு.

பாய் சொன்னது: "எது உங்களுது, எது அவங்களுதுன்னு எனக்கே தெரியலம்மா. சீயக்காத் தூளுக்குக்கூட ஒரு மார்க் இருக்கு. நீங்களும் ஒண்ணு போட்டுக் கொண்டாங்க. நல்லா இருந்தா ஆடிக்கு வாசல்லயே தொங்க விடறேன்."

நல்லா இல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. உள்ளே, பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பின்னால் ஓர் இருட்டு மூலை இருக்கிறது.

15ஆம் தேதி ஞாயிறு, மாதிரிக் கூடை காட்ட வேண்டும்.

வாங்கி வந்தது: பச்சை வயர் ஆறு கட்டு, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. இவருக்கு ரேஸர். எலுமிச்சை (பஸ்ஸில் முகர்ந்துகொண்டே வந்ததில் பாதி வாசம் போய்விட்டது).

5.7.2001, வியாழன்

மழை விட்டு மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை.

என்னோடு கூடை பின்னும் சின்னப்பொண்ணு பத்து மணிக்கு வந்தாள். (இனி சி.பொ. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயரை எழுதும் நேரத்தில் அரை வரிசை பின்னிவிடலாம்.) பாய் சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். மாடுகளுக்கு அடையாளம் இருக்கிறது, மஞ்சப் பைக்கு இருக்கிறது, நமக்கு ஏன் இருக்கக் கூடாது என்றாள்.

எப்படிப் போடுவது? பெயிண்ட் அடித்தால் ஒரே மழையில் உரிந்துவிடும். காகிதம் ஒட்டினால் வாங்கிய அன்றே கிழியும். வழி சொன்னவள் சி.பொ.தான். பின்னி முடித்த கூடையின் மேல், முடிச்சுகளின் அடியில் நுழைத்து நுழைத்து வேறு நிற வயரை ஓட்டிக் காட்டினாள். தையல் போல அழகாக உட்கார்ந்தது. இழுத்தாலும் வரவில்லை.

ஆக, என்ன படம் என்பதுதான் பாக்கி. அதை நான் வரைகிறேன் என்றேன். கரூரில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள் அல்லவா.

7.7.2001, சனி

வரைந்தவை:

பலாப்பழம். இவர் ஆஸ்பத்திரி வேலை முடிந்து மருந்துச் சீட்டுகளோடு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, முள்ளம்பன்றி நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அருவி. சீப்பு போல இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

மிளகுக் கொடி, இலையோடு. காகிதத்தில் அருமை. கூடையில் ஓட்டப் பார்த்தேன். முடிச்சு எல்லாம் கட்டம் கட்டமாக இருப்பதால் இலை படிக்கட்டு ஆகிவிட்டது. மிளகு ஒன்றுகூட உருண்டையாக இல்லை. மூன்று மணி நேரம் போனது.

சி.பொ. இதற்குள் ஒன்றரைக் கூடை முடித்துவிட்டாள். "வளைவு எல்லாம் வயருக்கு வராதுங்க அக்கா. நேர்கோடுதான் அதுக்குத் தெரியும்" என்றாள். வெடுக்கென்று பதில் சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

இரவுக்கு ரசம், அப்பளம். அவ்வளவுதான் முடிந்தது.

9.7.2001, திங்கள்

நல்ல வெயில். மூன்று நாள் துணியும் காய்ந்தது.

பூத்திலிருந்து பாய்க்குப் போன் செய்தேன். பூவா, பழமா, எது போட்டால் விற்கும் என்று கேட்டேன். எதைப் போட்டாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் தெரிய வேண்டும், கிட்டப் போய்க் குனிந்து பார்க்கிற மாதிரி இருந்தால் பிரயோசனம் இல்லை என்றார்.

எனவே சின்னதாக, எளிமையாக. கோடுகளைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஆறு கோடு, நான்கு, மூன்று. கடைசியில் இரண்டே இரண்டு.

V.

வயருக்கு ஏற்ற நேர்கோடு. தூரத்திலிருந்து தெரியும். இங்கிலீஷ் எழுத்து என்பதால் ஒரு ஸ்டைலும் இருக்கிறது.

10.7.2001, செவ்வாய்

பச்சைக் கூடையில் மஞ்சள் V போட்டேன். வாசலில் மாட்டிவிட்டு முருங்கை மரம் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. வயரின் மிச்சத்தை வெட்டக்கூட மனம் வரவில்லை, தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சி.பொ. வந்து பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்து தெரியும்.

"இது என்னத்துக்குங்க, V?"

"வசந்தா" என்று என் பெயரைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

"சரிங்க" என்றாள். உட்கார்ந்து, கையில் இருந்த கூடையை முடித்து, கைப்பிடி போட்டு, மூலையில் வைத்துவிட்டுப் போனாள். டீ வேண்டாம் என்றாள். மற்றபடி எப்போதும் போலத்தான்.

12.7.2001, வியாழன்

சி.பொ. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. மழையும் இல்லை.

இவரிடம் கூடையைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, அவள் பெயருக்கு எந்த எழுத்து என்று கேட்டார். நான் மோர் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

இங்கே பொய் எழுதிப் பயன் இல்லை. எளிமையாக இருப்பதால் V பிடித்தது என்று திங்கட்கிழமை எழுதியிருக்கிறேன். எளிமையாக இருந்தது உண்மை. என் எழுத்து என்பதால்தான் பிடித்தது. இந்த மலைக்கு வந்து மூன்று வருஷம். கம்பவுண்டர் வீட்டம்மா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். என் பெயரை ஒரு கடை வாசலில் பார்க்க ஆசை.

முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தது நான். ஆனால் முதல் ஏழெட்டுக் கூடைகளும் அடி சாய்ந்து, வைத்தால் குப்புற விழுந்தன. அடியில் வயரை இரட்டையாக ஓட்டி நிற்க வைத்தவள் அவள். அவள் இல்லாவிட்டால் பாய் இரண்டாவது தடவை வாங்கியே இருக்க மாட்டார்.

நாளை போக வேண்டும்.

13.7.2001, வெள்ளி

திண்ணனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்கிறார்கள்) அவள் இருக்கும் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம். நடு வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை திரும்பிக்கொண்டது. செருப்பு ஒன்று சேற்றிலேயே நின்றுவிட, திரும்பிப் போய் எடுத்தேன்.

சி.பொ. களத்தில் விரித்திருந்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். உள்ளே கூட்டிப்போய்த் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். அடுப்போரம் உட்கார வைத்தாள். பலாச்சுளை ஒரு தட்டு நிறைய. கோபமாக இருப்பவள் செய்கிற காரியமாகவே தெரியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றாள். மிளகு வேலையா என்றேன். அதுவும்தான் என்றாள். பிறகு விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"கூட்டுன்னுதானுங்க நான் நெனச்சிருந்தேன். உங்க பேரு போட்ட கூடைய நான் பின்னுனா நான் கூலிக்காரிங்க. கூலின்னா கூலின்னு சொல்லிப்போடுங்க, அதுக்கும் வாரேன். ஆனா எனக்குத் தெரியோணுமல்லங்க."

குரல் உயரவில்லை. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானம் ஒன்றும் அந்த இடத்தில் செல்லாது என்று தெரிந்தது.

"கூலி இல்லை. கூட்டுதான். உன்கிட்டக் கேக்காமப் போட்டது என் தப்பு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டு சுளை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

இரண்டு பேர் எழுத்தையும் போடலாமா என்று கேட்டேன். எழுத்தே வேண்டாம் என்றாள். கூடை வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, தெரிந்தவர்களும் எழுத்துப் பார்த்து வாங்குவதில்லை என்பது அவள் கணக்கு. பின்னே என்னதான் போடுவது? அவளுக்கும் தெரியவில்லை.

நாளைக்கு வருவதாகச் சொன்னாள். பஸ் வரும் வரை ரோட்டில் கூடவே நின்றாள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். தும்மல்.

14.7.2001, சனி

மூக்கு ஒழுகுகிறது. ஆனால் எழுதியே ஆக வேண்டும்.

சி.பொ. ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். V போட்ட கூடையை எடுத்து மஞ்சள் வயரை வெட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வயருங்க. எதுக்கு வீணாக்கறீங்க?"

தொங்கிக்கொண்டிருந்த மிச்ச வயரை எடுத்தாள். V முடிந்த இடத்திலிருந்து கீழே இறக்கினாள். திரும்ப மேலே. திரும்பக் கீழே. ஏதோ படம் போடுகிற எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. எழுத்து எழுத்தாகத் தெரியாமல் போனால் சரி என்றுதான் ஓட்டினாள். வயர் தீர்ந்தது. புது மஞ்சள் வயரை ஒட்டி மேலும் ஓட்டினாள். கூடையைச் சுற்றி வந்துவிட்டது.

சாய்மானமாக ஏறி இறங்கும் ஒரே கோடு. நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு இவர் டீ குடிக்க வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டிருக்கிறது.

"இது என்ன, நம்ம மலை ரோடா?" என்றார். "பார்த்தாலே குமட்டுது."

இவர் ஒவ்வொரு முறை மலை இறங்கும்போதும் பாலிதீன் பையோடு பஸ் ஏறுகிறவர். சி.பொ. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டாள். அவளுடைய சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கும் தும்மலும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது.

அதுதான். அதுவேதான்.

பிறகு மாலை வரை வேலை. முடிவு செய்தவை:

சிவப்பா மஞ்சளா? பச்சையின் மேல் சிவப்பு அழுக்காகத் தெரிகிறது. மஞ்சள்தான்.

ஒரு வரி போதும். இரண்டு வரி போட்டுப் பார்த்தோம், சேலை பார்டர் ஆகிவிட்டது.

எத்தனை வளைவு? மலை ரோட்டில் இருக்கிற எழுபதையும் போட முடியாது. நான் ஏழு என்றேன். சி.பொ. கூடையின் முடிச்சுகளை எண்ணிப் பார்த்து ஒன்பது என்றாள். ஏழு போட்டால் கடைசியில் ஒரு வளைவு நொண்டியாக நிற்கிறது. ஒன்பதுதான்.

ஆரம்பமும் முடிவும் சேரும் இடம் கைப்பிடிக்கு நேர் கீழே. ஒட்டு தெரியாது. (இது என் யோசனை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.)

15.7.2001, ஞாயிறு

இரண்டு பேருமாகப் போனோம். சி.பொ. பாய் கடைக்கு வருவது முதல் தடவை. இதுவரை நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை என்பது பஸ்ஸில்தான் உறைத்தது.

பாய் கூடையை வாங்கினார். கொக்கியில் மாட்டினார். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் போய் நின்றார். நடுவில் ஒரு லாரி வந்து நின்று மறைத்தது. அது நகரும் வரை சி.பொ. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து, "தெரியுது" என்றார்.

இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெயர் வைக்கவே இல்லை. பாய் சிரித்தார். "விடுங்கம்மா, வாங்கறவங்களே ஒண்ணு வெச்சுக்குவாங்க. யாரு பண்ணுனதுன்னு கேட்டா யாரைச் சொல்றது?"

"எங்க ரெண்டு பேரையும்" என்றேன். சி.பொ. வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் இந்தப் பக்கம்.

ஆடிக்கு நாற்பது கூடைகள் வேண்டும். வாசலில்.

இருவருக்கும் பரோட்டா. மலை ஏறும்போது வேண்டாம் என்று சொல்லியும் சி.பொ. கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

5.8.2001, ஞாயிறு

இத்தனை நாள் எழுத நேரமே இல்லை. விரல் நுனியெல்லாம் வெடிப்பு, தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். தாளில் கறை.

ஆடிப் பதினெட்டு முடிந்தது. நாற்பதும் போய்விட்டது. இன்று வயர் வாங்கிக்கொண்டு நானும் சி.பொ.வும் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் இல்லை. முன் சீட்டில் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. காலடியில் பச்சைக் கூடை. தக்காளியும் முட்டைக்கோசும். மஞ்சள் ரோடு சுற்றி ஓடுகிறது.

சி.பொ. என்னை இடித்தாள். நானும் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தால் அந்த அம்மா என்ன நினைப்பார்?

"ஏனுங்க, என்ன பாக்கறீங்க?"

"கூடை எங்களுதுங்க" என்று சி.பொ. சொல்லிவிட்டாள்.

அவர் சட்டென்று கூடையைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கியது, பாய் கடையில் போய்க் கேட்டுக்கொள்ளச் சொன்னார். ஒரு தக்காளி உருண்டு டிரைவர் பக்கம் போனது. பின்னியது நாங்கள் என்று புரியவைப்பதற்குள் நான்கு வளைவு தாண்டிவிட்டது.

புரிந்த பிறகு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். கூடையைத் திருப்பிக் கைப்பிடியைக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா கைப்பிடி ரெண்டு வெரக்கடை குட்டைங்க. தோள்ல மாட்ட முடியல."

சி.பொ. அங்கேயே விரலை வைத்து அளந்தாள். இரண்டு இல்லை, மூன்று. நாளை முதல் கூட்ட வேண்டும்.