கணினி உம்மாவைப் பார்த்துச் சொன்னது

சோனகத்தெரு, யாழ்ப்பாணம்
04.06.2025

அன்பின் கோபிகா,

போனில் கதைத்தால் சண்டைதான் வரும், அதனால் எழுதுகிறேன். முகத்தைப் பார்த்து ஆளை இன்னாரென்று சொல்லும் வெளிநாட்டுக் கணினிக்கு எங்கள் பெண்களைத் தெரியாது, எங்கள் படங்களைக் காட்டி நாமே ஒன்றைப் பழக்கிக் கண்காட்சி வைப்போம் என்று தொடங்கினோம். நேற்று ஒத்திகை பார்க்க உம்மாவையும் வாப்பாவையும் ஆசையாகக் கூட்டி வந்தேன். உம்மா கமராவுக்கு முன்னால் நின்றதும் திரையில் "விதவை" என்று விழுந்தது. பக்கத்திலேயே வாப்பா!

"நான் மவுத்தாகிட்டன் எண்டு இதுக்கு ஆர் சொன்னது?" என்று அவர் சிரித்துச் சமாளித்தார். உம்மா சிரிக்கவில்லை.

அந்தப் படங்களைத் தலைப்புவாரியாகப் பிரித்தவள் நீ. பொட்டில்லாத முகமெல்லாம் உனக்கு விதவையா? தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று எங்களை ஊரைவிட்டே துரத்தினார்கள். திரும்பி வந்து இத்தனை வருடமாகியும் உன் கண்ணில்கூட நாங்கள் படவில்லை. கண்காட்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிடு.

நிலூபா

உரும்பிராய்
06.06.2025

அன்புள்ள நிலூபா,

உன் கோபம் நியாயம். யோசிக்காமலேதான் பிரித்தேன். உம்மாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன். ஆனால் உன் பெயரை எடுக்கமாட்டேன், நீ இல்லாமல் கண்காட்சியும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பழக்கப் போகிறேன்.

நான் அழுவதைப் பார்த்து அம்மா விசாரித்தார். சொன்னேன். அப்பா இறந்தபிறகு பொட்டே வைக்காத மனுசி, என்னுடையதில் ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டு, திருத்துவதற்காக நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கமராவுக்கு முன்னால் போய் நின்றார். "சுமங்கலி" என்றது.

"உதுக்கு என்ரை முகம் தெரியேல்லை, பொட்டுத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குச் சமைக்கப் போனார். ஒட்டியதை இன்னும் எடுக்கவில்லை.

உன்,
கோபிகா

சோனகத்தெரு
09.06.2025

என் கோபிகாவுக்கு,

ஒன்றையும் அழிக்காதே! வாப்பாவும் அதே கமராவின் முன்னால் நின்றாரே, அவரைப் பார்த்து "ஆண்" என்றது, அவ்வளவுதான். பெண்சாதி இருக்கிறாளா, செத்துவிட்டாளா என்று அது யோசிக்கவே இல்லை. யோசிக்கப் பழக்காதது நாம் இரண்டு பேரும். பெண்களுக்கு மட்டும் விதவை, சுமங்கலி என்று தலைப்புகளை எழுதும்போது நானும் உன் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய பெண்ணியவாதிகள்!

ஆகவே கணினி அப்படியே பிழையாகச் சொல்லட்டும். திரைக்குக் கீழே ஒரு கீபோர்ட் வைப்போம். அது சொன்னதை அழித்துவிட்டு, அவரவர் தம்மைத் தாமே எழுதட்டும். உம்மாவிடம் சொன்னேன். "முதல்லை நான்தான் எழுதுவன்" என்கிறார். எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் பழகுகிறார். நான் உதவப் போனால் கையைத் தட்டிவிடுகிறார்.

உன் அம்மாவையும் கூட்டி வா. பொட்டோடு வருவதோ இல்லாமல் வருவதோ அவர் விருப்பம். என் பெயர் இருக்கட்டும்.

உம்மா பழகுவது இரண்டே சொல்: "றஹ்மத்தும்மா, யாழ்ப்பாணம்."

நிலூபா