முந்நூறு துண்டுக் கோடு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா?

வேலையில் ஒரு சின்னச் சண்டை, கவலைப்பட ஒன்றுமில்லை. பக்கத்தை எப்படி அச்சிடுவது என்று இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுவதுதானே என் வேலை? நாங்கள் எழுதும் மொழியில் ஒரு கோட்டுக்கு ஒரே நிறம்தான். கோடு சிவப்பில் தொடங்கி மஞ்சளில் முடிய வேண்டுமென்றால், அதை முந்நூறு துண்டாக்கி ஒவ்வொன்றிலும் நிறத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒரு துண்டு அடுத்ததன் மேல் துளி ஏறி நிற்காவிட்டால் இடையில் வெள்ளை தெரியும். நான் ஏற்றித்தான் எழுதியிருந்தேன்.

மேலாளர் என்னைக் கேட்காமலே, தண்டம் என்று அந்த ஏற்றத்தை எடுத்துவிட்டார். ஒரு வாடிக்கையாளருக்காக அச்சான அட்டைகளில் சீப்புப் பல் மாதிரி வெள்ளைக் கீற்றுகள். வாடிக்கையாளரிடம், "புதுப் பொண்ணு, அனுபவம் பத்தல" என்றார், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே. மனுஷனா அவர்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கைவைக்கும் முன் எடுத்த மாதிரித் தாளையும் அச்சான அட்டையையும் அவர் மேசையில் வைத்தேன்.

"இது நான் எழுதினது சார். அது நீங்க திருத்தினது."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அன்றிலிருந்து அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

உங்கள் பழைய பூதக்கண்ணாடி சும்மா கிடந்தால் அனுப்புங்கள், இனி அச்சைப் பார்க்க உதவும். இடைவேளை முடிகிறது, நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். ஏன் கோபமாக இருக்கிறாய் என்று கேளுங்கள். பத்து நாளாக யாரும் கேட்கவில்லை.

உங்கள் மகள்