உன் மகளோடு பேசப் படித்த ஸ்பானிஷ்

என் செல்லக் கவிதாக்கா,

உனக்குச் சிரிப்பு வரும் ஒரு செய்தியோடு தொடங்குகிறேன். நான் ஸ்பானிஷ் படிக்கிறேன். நான்தான். துணிக்கடையில் இன்னொரு கலர் இருக்கிறதா என்று தமிழில் கேட்கவே கூச்சப்பட்டு உன்னை முன்னால் தள்ளிவிடுவேனே, அதே ரேவதிதான்.

காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குள் நுழையும்வரை காதுக்குள் ஒரு பெண் பேசிக்கொண்டே வருகிறாள். அவள் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் அந்தச் செயலி ஒத்துக்கொள்வதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுப்பேன்.

ஒருநாள் கண்டக்டர் என் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இன்னா மேடம், தெனம் மந்திரம் சொல்லிக்கினே வர்றீங்க? நம்ம டிரைவர் மேல அவ்ளோ நம்பிக்கையா?" பஸ்ஸே சிரித்தது. முன்னாலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்: "உடு, சொல்லட்டும். எனக்கும் சேத்து ரெண்டு சொல்லுங்கம்மா!" அன்றிலிருந்து நான் ஏறினாலே கண்டக்டர் கும்பிடுகிறார். உன்னிடம் சொன்னால் எத்தனை நாளைக்கு என்னை ஓட்டியிருப்பாய்?

எதற்காகப் படிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இனியாவுக்காக.

நீ மேற்படிப்புக்கு வலென்சியா போனதும், அங்கேயே தாவீத் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டதும், "இங்கயும் நெல்லு நிக்குதுடி, அப்பாவக் கொண்டாந்து காட்டணும்" என்று போனில் கத்தியதும் எல்லாம் நேற்று போல இருக்கிறது. இனியாவுக்கு நீ தமிழ் சொல்லித்தரவில்லை என்று அம்மா குறைபட்டபோது, "பொறும்மா, மொதல்ல ஒண்ணு ஒழுங்கா வரட்டும். அதுக்கென்ன, நாளா இல்ல?" என்றாய். நாள் இருக்கிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம். தலை வலிக்கிறது என்று ஒரு மதியம் படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை என்று மாமா போனில் சொன்னபோது, இனியாவுக்குத் தெரிந்த தமிழ் 'வா', 'பால்', 'குட்டிம்மா' அவ்வளவுதான்.

உன் சாம்பலோடு மாமா தனியாக வந்தார். அப்பா அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று. "புள்ள எங்க?" அவள் சின்னவள், அடுத்த முறை அழைத்து வருகிறேன் என்று மாமா தன் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

நீ இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் நடுவில் நீ இருந்தாய். இனியா உன் மடியில் உட்கார்ந்து ஸ்பானிஷில் கேட்பாள், நீ தமிழில் சொல்வாய், அப்பா தலையாட்டுவார், நீ அவள் காதில் ஏதோ சொல்வாய், அவள் கைதட்டுவாள். நீ போன பிறகும் ஞாயிறு வந்தது. மாமா போனை மேசைமேல் சாய்த்துவைத்து இனியாவை உட்கார வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய்விடுவார். அவள் வரைந்த படங்களைக் காட்டுவாள். ஏதேதோ கேட்பாள். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அப்பா திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

கொஞ்சம் கொஞ்சமாக இனியா வருவது குறைந்தது. முதலில் பாதியில் எழுந்து ஓடினாள். பிறகு திரையில் மாமா மட்டும்தான். வெட்கப்படுகிறாள் என்றார். முதல் வருஷ தெவசத்துக்கு இனியாவை அழைத்து வரச் சொன்னபோது, "அவள் வர மறுக்கிறாள், காரணம் கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்" என்று செய்தி அனுப்பினார்.

அப்பா நம்பவில்லை. "சின்னப் புள்ளைக்கு இன்னா தெரியும்? அந்தாளுதான் உடமாட்டேங்கறான்." 'மாப்ள' என்று வாய் நிறையக் கூப்பிட்டவருக்கு மாமா 'அந்தாளு' ஆகிவிட்டார். மல்லாட்டை உரித்துக் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்திலிருந்து நிமிராமல் சொன்னாள்: "யாரு உட்டா இன்னா, உடாட்டி இன்னா. புள்ள நம்மள மறந்துக்கினே போவுது."

அன்று மாலைதான் அந்தச் செயலியை இறக்கினேன்.

அக்கா, முதல் சில மாதங்களில் எனக்கு என்னென்ன பேச வந்தது தெரியுமா? காபி கேட்க வந்தது. பால் விட்டது, பால் விடாதது, சூடானது. ஓட்டல் அறைச் சாவி தொலைந்துவிட்டதென்று முறையிட வந்தது. ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று விசாரிக்க வந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் "ஏன்மா எங்ககிட்ட பேசமாட்டேங்கிற?" என்று கேட்க எந்தப் பாடத்திலும் வாக்கியம் இல்லை. 'ஏன்' ஒரு பாடத்தில் கிடைத்தது. 'தாத்தா' குடும்பப் பாடத்தில் இருந்தது. பொறுக்கிச் சேர்த்து நானே கட்டினேன். வாழ்நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தவள் நான். ஒரு வாக்கியத்துக்காக இப்படி ஏங்கியதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இனியாவோடு நான் மட்டும் பேசட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் போனோடு உட்கார்ந்தேன். இங்கே மதியம், அங்கே காலை. திரையில் இனியா. இரட்டைச் சடை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கே படிக்கச் சரளமாக இருக்கும், அங்கே அப்படி இல்லை. அவள் ஒரு வரி சொல்வதும், "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்", கொஞ்சம் மெதுவாகச் சொல்லு என்று நான் கெஞ்சுவதுமாகத்தான் போனது.

"நீ ஏன் ரோபோ மாதிரி பேசுற?" என்றாள் முதலில்.

"புதுசா படிக்கிறேன்."

"எங்க ஸ்கூல்ல குட்டிப் பசங்ககூட உன்னைவிட நல்லாப் பேசுவாங்க."

"அப்ப நீயே எனக்குச் சொல்லிக் குடு."

கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஆனா நீ தப்புப் பண்ணா நான் சிரிப்பேன்."

உன் வாய், அக்கா. அச்சு அசல் உன் வாய்.

நிறையச் சிரிக்க விட்டபிறகு, கட்டி வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தேன். "தாத்தாகூட ஏன் பேசமாட்டேங்கிற?" சிரிப்பு நின்றது. சடையின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். அப்புறம் கடகடவென்று என்னவோ சொன்னாள். திரும்பச் சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். தெரிந்தும் நம்ப முடியவில்லை.

"தாத்தா எப்பவும் வேண்டாம்னுதான் சொல்றார்."

"எப்ப சொன்னார்?"

"எப்பவும். நான் வரைஞ்ச நாயைக் காட்டினேன், பிடிச்சிருக்கான்னு கேட்டேன். இல்லைன்னார். உங்க வீட்டுக்கு நான் வரலாமான்னு கேட்டேன். வேண்டாம்னார்." அவள் குரல் இறங்கியது. "அம்மாவை நினைச்சுக்கிறீங்களான்னு கேட்டேன். அதுக்கும் இல்லைன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

அப்பாவுக்கு ஸ்பானிஷில் 'இல்லை' என்று சொல்லக்கூடத் தெரியாதே, எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். இனியா செய்து காட்டினாள். தலையை இந்தத் தோள் பக்கம் சாய்த்தாள், அந்தத் தோள் பக்கம் சாய்த்தாள். இன்னும் ஒருமுறை, வேகமாக. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. அப்படியே அப்பா.

புரிந்துவிட்டது. நமக்கு 'சரி' என்கிற அந்தத் தலையாட்டல், அவள் ஊரில் 'வேண்டாம்'. புரிந்த வேகத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் தலையை ஆட்டினேன். சரிடா செல்லம், தெரிஞ்சுபோச்சு என்கிற மாதிரி. அவள் முகம் வாடியது. போனை வைக்கப் போனாள். "நோ, நோ, இரு!" என்று நான் அலறியதில் பக்கத்து வீட்டு மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

நீ இருந்தவரை எங்கள் தலைகளுக்கும் நீதான் மொழிபெயர்ப்பாளராக இருந்தாய். அது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அங்கே போன புதிதில் உன் தலையையும் இப்படித்தான் தப்பாக எடுத்துக்கொண்டார்களா? ஆமாம் என்று சொல்லிவிட்டு இல்லை என்று ஆகிப்போன சங்கடமெல்லாம் உனக்கு நடந்ததா? ஒரு தரம்கூட ஏன்க்கா சொல்லவில்லை?

கீழே இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவே இல்லை. "நான் எப்பம்மா வேணாம்னேன்?" என்றார் விளங்கியதும். "வா வான்னுதான தலையாட்டிக்கினு இருந்தேன்." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "மாப்ளயப் போயி இன்னான்னாவோ பேசிட்டேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு வரை வீட்டில் பயிற்சி நடந்தது. 'சீ' என்று ஒரே ஒரு சொல் போதும், ஆமாம் என்று அர்த்தம் என்றேன். "பச்சப் புள்ளயப் பாத்து சீங்கறதா? என்னால ஆவாது" என்று எழுந்து போய்விட்டார். சரி, தலையை மேலும் கீழும் அசைத்தால் போதும் என்றேன். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அலமாரிக் கண்ணாடிமுன் நின்று ரெண்டு தடவை சரியாக அசைப்பார், மூணாவது தடவை தலை தன்னால் தோளுக்குச் சாயும். கடைசியில் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா கேட்டப்பவும் இப்பிடித்தான் ஆட்டுனீங்க" என்றாள் அம்மா. "அன்னிக்கே இன்னா அர்த்தம்னு கேட்டிருக்கணும். நான் தப்பிச்சிருப்பேன்."

"நீ சும்மா கெட. கழுத்து வலிக்குது."

ஞாயிற்றுக்கிழமை இனியா வந்தாள். நான் போனுக்கு முன்னால் இருந்தேன். எங்கள் வீட்டில் தலையை இப்படி ஆட்டினால் சந்தோஷமாக ஆமாம் என்று அர்த்தம், உன் அம்மாவும் இப்படித்தான் ஆட்டுவாள் என்று எனக்கு வந்த ஸ்பானிஷில் சொன்னேன். எத்தனை தப்போ. அவள் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து மாமா கையில் கரண்டியோடு ஓடிவந்து நின்றார். "அவளும் அப்படித்தான் செய்வாள்" என்று அவர் மகளிடம் சொன்னது எனக்குப் புரிந்தது. அவர் கண் கலங்கியதும் தெரிந்தது. அப்பா திரைக்குள் எட்டி, "மாப்ள, சாப்ட்டீங்களா?" என்றார். மாமாவுக்கு அந்தத் தமிழ் மட்டும் தெரியும். தலையாட்டினார், நம்மைப் போலவே.

இனியா உள்ளே போய் அந்த நாய்ப் படத்தைத் தேடி எடுத்துவந்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். பிடிச்சிருக்கா? அப்பா தாடையைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அசைத்தார். உங்க வீட்டுக்கு நான் வரலாமா? அந்தத் தலையசைப்பில் கழுத்து கழன்றுவிடும் என்று பயந்துவிட்டேன். பிறகு அவள் சடையைக் கடித்தாள்.

"அம்மாவை நினைச்சுக்கிறீங்களா?"

நான் தமிழில் சொன்னேன். அப்பா தாடையைப் பிடித்தார். தலையை ஒருமுறை மேலே தூக்கினார். அதற்குமேல் முடியவில்லை. கை நழுவியது. தலை அதன் பழக்கத்துக்கே சாய்ந்தது, இந்தத் தோளுக்கு, அந்தத் தோளுக்கு, மறுபடி இந்தத் தோளுக்கு. கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அவசரமாக வாயைத் திறந்தேன். இனியா என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினாள். எனக்குப் புரியுது என்கிற கை. பிறகு கேமராவுக்கு மிக அருகில் வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தன் தலையை அந்தத் தோளுக்கும் இந்தத் தோளுக்கும் மெதுவாக ஆட்டினாள்.

ஸ்கூல் லீவு விட்டதும் வருகிறார்கள், அக்கா. மாமா டிக்கெட் போட்டுவிட்டார். இந்த வருஷ தெவசத்துக்கு இனியா இங்கே இருப்பாள். அம்மா இப்போதே என்னைப் பேஜாரு பண்ணுகிறாள். கேப்பைக் கூழ் குடிப்பாளா கேளு, மல்லாட்டை அவிச்சா துன்னுவாளா கேளு, தலைக்கு எண்ணெ வெச்சா அழுவாளா கேளு. இவை எதுவும் செயலியில் இல்லை. கண்டக்டரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அவர் தினமும் "புள்ள எப்பம்மா வருது?" என்கிறார்.

அவள் உன்னைப் பற்றி என்னவெல்லாம் கேட்கப்போகிறாளோ. நீ சின்ன வயதில் எங்கே விழுந்தாய், யாரிடம் அடி வாங்கினாய், எதற்குப் பயந்தாய். ஒவ்வொன்றுக்கும் முதலில் அவள் மொழியில் சொல்வேன், தப்பும் தவறுமாக, அவள் சிரிக்கச் சிரிக்க. பிறகு உன் மொழியில் இன்னொரு முறை. அவளுக்கு ரெண்டும் ஒன்றாகக் கேட்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

சரிதானே என்று இப்போது உன்னைக் கேட்டால், நீ எப்படித் தலையாட்டுவாய் என்று எனக்குத் தெரியும்.

உன் தங்கச்சி,
உன் மகளின் சித்தி,
ரேவதி