மொட்டை என் யோசனை

ஆகஸ்ட் 17, ஞாயிறு, காலை 9.40. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் குளியலறை. வடிகுழாயிலிருந்து எடுத்த முடி உருண்டைகள்: பதினொன்று.

எல்லாம் உன்னுடையவை, அக்கா. நாளை உனக்கு முதலாமாண்டுத் திதி. தண்ணீர் இறங்கவில்லை என்று அம்மா குழாயைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொன்றும் சோப்பு வழவழப்போடு, செத்த எலி மாதிரி. நீ இருந்தபோதும் இப்படித்தான்: சோற்றில், தலையணையில், என் லேப்டாப் விசைகளுக்கு நடுவில். உன் மனச்சிதைவைவிட உன் முடிதான் எனக்கு அருவருப்பு. காதில் குரல் கேட்கிறது என்பாய், பொறுத்துக்கொள்வேன். முடியை இழுக்க உன் விரல்கள் உச்சந்தலைக்குப் போனால் எழுந்து போய்விடுவேன்.

நான் ஏர்கான் பழுது பார்ப்பவன். கெட்ட பாகத்தைக் கழற்று; எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். "முடியே இல்லன்னா எதை இழுப்பா?" என்று அம்மாவிடம் கேட்டது நான். அம்மா அதை முருகனுக்கு வேண்டுதல் ஆக்கினார். பத்துமலைக் கோவிலில் உன்னை மொட்டைக்கு உட்கார வைத்தோம். முடி எடுப்பவர் உன் தலையைப் பார்த்துவிட்டு, "பாதி வேலைய வீட்டுலயே முடிச்சிட்டீங்க போல, பாஸ்" என்றார். நான் சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "குரல் சொல்லித்தான் இழுக்குறேன்னு நினைச்சியா? அது வேறடா. இழுத்தா ஒரு நிமிஷம் நிம்மதி. என்னைக் கேட்டிருக்கலாம்லா."

அடுத்த வாரமே புருவம் போயிற்று. பிறகு இமை. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று உன் மனச்சிதைவுக்கு மருந்து தரும் டாக்டர் உன்னைத்தான் கேட்டார். நீ வாய் திறப்பதற்குள், "ஒன்னும் இல்ல டாக்டர்" என்றேன். வெட்கம். டிங்கிக் காய்ச்சலில் நீ போகும்வரை முடி இழுக்கும் அந்த ஒன்றுக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. சொன்னால்தானே பார்ப்பார்கள்? பத்துமலையில் சிரித்த அந்தச் சிரிப்பு, குழாயில் வந்ததைவிட நாறுகிறது.

நேற்று கிள்ளான் சித்தி வந்திருந்தார். "திதிக்கு மாட்டுற படத்துல அவளுக்குப் புருவம் வரைஞ்சிடு தம்பி. நாலு பேரு வர்ற இடம்." அம்மாவும் தலையாட்டினார்.

நாளை செய்யப்போவது:

1. புருவம் வரைய மாட்டேன். படம் உள்ளபடியே மாட்டப்படும்.
2. ஏன் இப்படி என்று கேட்பவர்களிடம், முடி இழுப்பதும் ஒரு நோய், அதற்கும் சிகிச்சை உண்டு, நாங்கள்தான் மறைத்தோம் என்பேன்.
3. மொட்டை என் யோசனை என்று சித்தியிடம் சொல்வேன்.
4. அதற்கு அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்பேன். அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொள்ள மாட்டேன்.