மூன்றாம் நாள் முட்டை

என் பிரியமானவளே,

நேற்றுப் பல்வலி தாங்காமல் கடைத்தெருவில் இருக்கும் சீனப் பல்வைத்தியரிடம் போனேன். அவர் பஞ்சைக் கிராம்புத் தைலத்தில் தோய்த்து என் கடைவாயில் வைத்தார். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தபடி சிரிக்கும் நோயாளியை அவர் பார்த்ததில்லை போலும். பயந்து கையை எடுத்துக்கொண்டார். மைக்ராஸ்கோப் அறையில், திசுத் துண்டுகளை ஊறவைக்கும் கிராம்புத் தைல நெடிக்கு நடுவே, நீ ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "இதுல என் கண்ணு மயிருதான்டி தெரியுது" என்று சொன்னது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். அந்த மூன்று நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கு முன்னால் நமக்கு எத்தனையோ நாட்கள் இருந்தன.

ஜொகூர் பாருவில் நாம் நர்ஸ் வேலைக்குப் பயிற்சி பெற்றபோது ஒன்பது பெண்களில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான். நான் யாழ்ப்பாணத்துக் கிளார்க் வீட்டுப் பெண். நீ தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். அம்மாவோடு பால் வெட்டிக்கொண்டே மிஷன் பள்ளியில் படித்தவள். ஆமாம் என்பதற்கு நான் 'ஓம்' என்று சொல்வதை முதல் நாளே பிடித்துக்கொண்டாய். "எதைக் கேட்டாலும் ஓம் ஓம்கிறியே, இங்க என்ன யாகமா நடக்குது?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று மாலையே நாம் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

உனக்குக் கை வேலை எல்லாம் வந்தது. கட்டுப் போட்டால் அவிழாது. ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. வராதது ஒன்றே ஒன்று, புத்தகம். உடம்பின் திசுக்கள் நான்கு வகை என்று டாக்டர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். அந்தப் பெயர்கள் உன் நாக்கில் நிற்கவில்லை. அதனால் நீயே பெயர் வைத்தாய். தோலிலும் குடலின் உள்பக்கத்திலும் விரித்தாற்போல் இருப்பது 'மூடுறது'. எலும்பு, கொழுப்பு, தசைநார் எல்லாம் 'கட்டுறது'. தசை 'இழுக்குறது'. நரம்பு 'சேதி சொல்றது'. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பார்த்தால் எனக்கும் அந்தப் பெயர்கள்தான் மனத்தில் நின்றன.

ஆனால் பரீட்சைத் தாளில் 'மூடுறது' என்று எழுத முடியுமா? முதல் பரீட்சையில் நீ தோற்றாய். நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் உன்னைக் கூப்பிட்டு, இரண்டு மாதத்தில் வாய்மொழிப் பரீட்சை வரும், அதிலும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். துணி உலர்த்தும் கொடியடியில் நின்று நீ என்னிடம் சொன்னாய்: "மறுபடி வாளியைத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓட என்னால முடியாதுடி. அம்மா எதுக்கு என்னைப் படிக்க வச்சாங்க?" நீ சிரிக்காமல் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த வாரம் கருவின் பாடம். டாக்டர் கரும்பலகையில் மூன்று நிறச் சுண்ணாம்புக் கட்டிகளால் மூன்று கோடுகள் இழுத்தார். கரு முதலில் ஒரு தட்டையான துண்டு, அதில் மூன்று அடுக்கு. மேல் அடுக்கிலிருந்து தோலும் மூளையும் நரம்பும், நடு அடுக்கிலிருந்து எலும்பும் தசையும் ரத்தமும், கீழ் அடுக்கிலிருந்து குடலும் நுரையீரலும் வரும் என்றார். வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"தோலும் மூளையும் ஒரே அடுக்கா? யாரு பார்த்தா?"

"புத்தகத்தில் கிடக்குது."

"புத்தகத்தில கிடந்தா கிடக்கட்டும். நான் பார்க்கணும் லா" என்றாய், அந்த ஊர் 'லா'வையும் சேர்த்து.

ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் பாக் சாலேயின் பெட்டைக்கோழி அன்றுதான் அடைகாக்க உட்கார்ந்திருந்தது. நீ நேரே அவரிடம் போய், நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று என்று முட்டை கேட்டாய். அடையில் வைத்த முட்டை எதற்கு என்று கேட்டார். உனக்குத் தெரிந்த மலாயில் 'பெலாஜார்', படிக்க, என்று மட்டும் சொன்னாய். அவர் முட்டையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அவருடைய கிழிந்த சட்டை இரண்டை நீ தைத்துக் கொடுத்ததால் சம்மதித்தார்.

மத்தியானத்தில் நோயாளிகள் கண்ணயரும் நேரம், கட்டுப் போடும் அறையில்தான் நம் பாடம். வார்டிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் எடுத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதில் முட்டையை உடைத்தோம். முதல் நாள் மஞ்சள் கருவின்மேல் வெளிறிய வட்டம் ஒன்றுதான் தெரிந்தது. "இதுக்கா சட்டை தைச்சேன்?" என்றாய். இரண்டாம் நாள் நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு. அதைச் சுற்றி மங்கலான செம்புள்ளிகள். நீ கிண்ணத்தைச் சன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினாய்.

மூன்றாம் நாள் உடைத்ததும் நீ என் தோளை அழுத்திப் பிடித்தாய். மஞ்சள் கருவின்மேல் ரத்த நாளங்கள் இலை நரம்புபோலப் பரவியிருந்தன. நடுவில் ஊசிமுனை அளவு சிவப்பு ஒன்று துள்ளியது. நின்றது. துள்ளியது.

"அடியே, அடிக்குது! இன்னும் தலையே சரியா வரல, இது அடிக்குது!"

நீ போட்ட சத்தத்தில் மேட்ரன் வந்துவிட்டார். வாசலில் நின்று மேசையைப் பார்த்தார். வார்டு உப்புத்தண்ணீர், வார்டுக் கிண்ணம், கோழிமுட்டை! உன்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப இது போதும். நானாக இருந்தால் கிண்ணத்தை மறைத்திருப்பேன். நீ கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "மேடம், குயிக், பிஃபோர் இட் ஸ்டாப்" என்றாய்.

மேட்ரன் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நின்றுகொண்டிருக்கிறாயே, மற்ற பெண்களைக் கூப்பிடு" என்று ஆங்கிலத்தில் அதட்டினார். ஏழு பேரும் ஓடி வந்தார்கள். டாக்டர் கைக்கண்ணாடியோடு வந்தார். எது தலை, எங்கே கண் வரப்போகிறது, முதுகில் மேல் அடுக்கு உள்ளே மடிந்து குழாயாகி எப்படி மூளையும் முதுகுத்தண்டின் நரம்பும் ஆகிறது என்று ஊசிமுனையால் காட்டினார். மடியாமல் வெளியே நின்றது தோல். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி மெதுவாகி நின்றது. எல்லாரும் போன பிறகு நீ கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய். "போதும்டி. மிச்சத்தைக் கோழி பார்த்துக்கட்டும்" என்றாய். அதற்குப் பிறகு ஒரு முட்டையும் நீ கேட்கவில்லை. வார்டுச் சாமானை எடுத்ததற்கு மேட்ரன் நமக்கு ஒரு வாரம் பெட்பேன் கழுவும் தண்டனை கொடுத்தார். நாம் பாடிக்கொண்டே கழுவினோம்.

பரீட்சை நாளில் வெளியூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்திருந்தார். எனக்கு அடுத்து நீ. நான் கதவோரம் நின்று கேட்டேன். தசை வகைகளை அவர் கேட்டபோது நீ தட்டுத் தடுமாறினாய். பிறகு அவர் கேட்டார்: கருவின் இதயத்துக்கு அடிக்கச் சொல்வது எந்த நரம்பு?

அது கண்ணி வைத்த கேள்வி. நான் படித்ததெல்லாம் எனக்கே குழம்பிப் போயிற்று.  நீ உன் ஆங்கிலத்தில், "நோ நெர்வ், சார். நோபடி டெல் இட். நெர்வ் கமிங் லேட்டர். இட் ஸ்டார்ட் இட்செல்ஃப். ஐ ஸா" என்றாய்.

"யூ ஸா?"

நீ எல்லாவற்றையும் சொன்னாய். பாக் சாலேயின் கோழி, சட்டை, உப்புத்தண்ணீர், எதையும் விடவில்லை. உள்ளே அந்த மனிதர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மேட்ரனும் சிரித்தார், அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் நமக்குத் தெரிந்தது. முடிவுப் பட்டியலில் உன் பெயரை நான்தான் முதலில் பார்த்தேன். உன் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கோடு வந்து, மேட்ரனுக்கு நேராகக் கும்பிட்டு நின்றதும், அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தாமும் கை குவித்ததும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதன்பின் உன்னைப் பொந்தியானுக்கு மருத்துவச்சியாக அனுப்பினார்கள். எனக்குக் கல்யாணமாகி, என் கணவருக்கும் அங்கேயே மாற்றல் கிடைத்தது என் அதிர்ஷ்டம். பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசித் தோட்டங்களுக்கு நீ சைக்கிளில் போவாய். முள் கிழித்த காலோடு திரும்பி வருவாய். மலாய்க்காரப் பெண்களும் சீனப் பெண்களும் நம் பெண்களும் உன்னைத்தான் தேடினார்கள்.

என் மூத்தவள் பிறந்த காலையில் நீதான் பக்கத்தில் இருந்தாய். அதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது.  குழந்தை அழுததும் வெளியே என் கணவர், மாமியார், பக்கத்து வீட்டார் எல்லாரும் கதவைத் தட்டினார்கள். "ஆணா பொண்ணா? பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே?" என்று மாமியார் சத்தம் போட்டார்.  நீ குழந்தையைத் துடைத்து என் நெஞ்சில் வைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாய்.

"எல்லாரும் இருக்கட்டும். நீதான் முதல்ல பார்க்கணும். அவசரப்படாதே, விரலை எண்ணு."

நான் எண்ணினேன். அழுகையில் கணக்குத் தப்பி மறுபடி எண்ணினேன். சின்னச் சின்ன நகங்கள்; மடிப்பு மடிப்பாகச் சிவந்த தோல். நான் போதும் என்று தலையசைக்கும்வரை நீ கதவைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நீ அப்படித்தான் செய்தாய் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்காக எத்தனை மாமியார்களிடம் திட்டு வாங்கினாய் என்பதையும் நீயே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாய்.

இப்போது நீ பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். போன வியாழக்கிழமை ஒரு வீட்டில் புதுத் தகப்பன் கதவை உடைத்துவிடுவான் போலத் தட்டினான். "சொல்லுங்க மிஸ்ஸி, என்ன பிள்ளை? ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று கத்தினான். பத்தொன்பது வயதுத் தாய் குழந்தையின் இடது கையில் நாலாவது விரலுக்கு வந்திருந்தாள். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"இருங்க தம்பி," என்றேன். "அவங்க இன்னும் எண்ணி முடிக்கல."