ஏழாவது மிதவை

மால்பே துறைமுகம்,
10-2-2025

பாப்பா வெண்ணிலாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் சுகம். நைனாவுக்கு இருமல் நின்றதா? பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிக்கிறாயா, இல்லை வழக்கம்போல செசிலியா டீச்சருக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு திரிகிறாயா?

இந்தக் காலத்தில் கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போன வாரம் வலை இழுக்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் கடலில் விழுந்துவிட்டது. போன் போனால் போகட்டும். அதற்குள்ளேதான் என் பிட்காயின் வாலட் இருந்தது. பொன்னேரி மொபைல் கடையில் வேலை பார்த்த மூன்று வருஷமும் சம்பளத்தில் பாதியைப் போட்டு வாங்கியது. இன்றைய விலைக்கு ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கலாம்.

செவ்வந்தி விஷயம் உனக்குத் தெரியும். அவள் அப்பா சின்னப்பன் மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார். "சித்திரை முடியறதுக்குள்ள சொந்தமா ஒரு போட்டு காட்டு, பொண்ணக் குடுக்கறேன். இல்லன்னா கோட்டைக்குப்பத்துலயே ஒரு பையன் ரெடியா கீறான்." அந்த போட்டு அந்த வாலட்டுக்குள்தான் இருக்கிறது.

வேறொரு போனில் வாலட்டைத் திரும்பத் திறக்கலாம். அதற்குப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வேண்டும். வரிசை மாறாமல் போட வேண்டும். அந்த வார்த்தைகள் யார் கையில் கிடைத்தாலும் பணம் அவனுக்குப் போய்விடும். நம் ஊர் உப்புக் காற்றில் தாள் தாங்காது என்று என் நண்டு வலையில்தான் பத்திரம் பண்ணினேன். கூரைக்குக் கீழே தொங்குகிறதே, அதே வலை. மேல் கயிற்றில் சிவப்புத் துணி கட்டிய முனையிலிருந்து முதல் பன்னிரண்டு மிதவைகளைப் பார். ஒவ்வொன்றிலும் சூட்டுக் கம்பியால் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேன். மிதவை தண்ணீரில் போனாலும் முழுகாது, கயிற்றில் இருக்கும்வரை வரிசையும் மாறாது.

போனில் சொல்லாதே. நைனா போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும், குப்பமே கூடிக் கேட்கும். படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே. தாளில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் போடு. உனக்கு இதெல்லாம் புரியாது. குரங்கு மாதிரி பார்த்து அப்படியே எழுது, போதும்.

அன்புடன்
அண்ணன் தமிழ்வாணன்


லைட்ஹவுஸ் குப்பம்,
18-2-2025

பீச்சாங்கைப் பேரரசர், மால்பே கொண்டான், போன் முழுக்கிய சோழன் தமிழ்வாணன் அண்ணன் அவர்களின் சமூகத்துக்கு, குரங்கு எழுதிக்கொள்வது.

நாங்கள் சுகம். நைனா இருமல் நின்றுவிட்டது, பீடி நிற்கவில்லை. நான் பீடிக்கட்டை அரிசிப் பானையில் ஒளித்துவைத்துவிட்டு, "நீதான் நைனா காலையிலயே குடிச்சு முடிச்ச, மறந்துட்டியா"னு சொல்வேன். பாவம், விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு "ஆமாவா?" என்று கேட்பார். ஒரு நாள் செருப்பை மாற்றி வைத்தேன். வலது இடது தெரியாமல் பத்து நிமிஷம் நின்றார். இந்த வீட்டில் எனக்கு வேறு என்ன பொழுதுபோக்கு, சொல்.

பரீட்சையில் பிட் வைத்தால் வெளியே அனுப்புகிறார்கள். நீ காயினிலேயே பிட் வைத்திருக்கிறாய், உன்னை எங்கே அனுப்புவது? வாலட் உனக்கு, வால் எனக்கு. கடவுள் சரியாகத்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

வலையை இறக்கினேன். எலி இரண்டு கண்ணியைத் தின்றிருக்கிறது, வார்த்தைகளைத் தின்னவில்லை. உன் பீச்சாங்கைக் கையெழுத்தை அதற்கும் படிக்க முடியவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டையும் தனித் தாளில் எழுதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு உன் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

செவ்வந்தியைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். "உங்க அண்ணன் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "இன்னா சொல்றது, கடல்ல போன் தேடிக்கினு கீறாரு" என்றேன். சிரித்தாள். அழகாகத்தான் இருக்கிறாள், உனக்கு எப்படிக் கிடைத்தாள் என்றுதான் தெரியவில்லை.

உன் குரங்கு
வெண்ணிலா


மால்பே,
27-2-2025

வெண்ணிலாவுக்கு,

தாள் வந்தது. வாலட் திறக்கவில்லை. என்னோடு வலை இழுக்கிற ராபர்ட் போனில் இருபது தடவை போட்டேன். வார்த்தைகள் தப்பு என்றே வருகிறது.

உன்மேல் தப்பில்லை. உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நைனாவுக்கு வலையைக் கண்டால் கை சும்மா இருக்காது. மிதவைகளை அவிழ்த்து மறுபடி கோத்திருக்கிறார். வரிசை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை போன் பண்ணி நன்றாகக் கேட்டுவிட்டேன். அப்புறம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருஷ உழைப்பு, பாப்பா.

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. நெட்டில் ஒருத்தரைப் பிடித்தேன். இப்படித் தொலைத்தவர்களுக்கு உதவி செய்கிறவராம், தமிழிலேயே பேசினார், அண்ணா அண்ணா என்று ரொம்ப மரியாதை. "வரிசை தெரியலன்னா பரவால்ல, இருக்கறத அப்படியே டைப் பண்ணுங்க, ரெண்டு நாள்ல அடுக்கிக் குடுக்கறோம்" என்றார். போட்டுவிட்டேன். வார்த்தையை யாருக்கும் கொடுக்கக் கூடாதுதான். வரிசை இல்லாத வார்த்தையை வைத்து அவர் என்ன செய்துவிடப் போகிறார்?

சின்னப்பன் மாமா கேட்டால் சித்திரைக்குள் போட்டு வரும் என்று சொல்.

அண்ணன்


லைட்ஹவுஸ் குப்பம்,
5-3-2025

அண்ணனுக்கு,

இன்று தமிழ்ப் பரீட்சை. கடிதம் எழுதும் கேள்வியை நன்றாகத்தான் எழுதினேன். இந்தக் கடிதம்தான் வரவில்லை. நாலு தாள் கிழித்தாயிற்று.

நைனா எதையும் கோக்கவில்லை. வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஏழாவது மிதவையில் இருப்பது ஆனியன். நான் எழுதியது டாங்கி.

நீ குரங்கு என்று எழுதினாய் இல்லையா, நான் கழுதை என்று எழுதினேன். திறக்காமல் முழிப்பாய், போன் பண்ணுவாய், "ஏழாவதுல உன் போட்டோவ வெச்சேன், பாக்கலியா"னு கேட்கலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் நினைத்தது. நீ போன் பண்ணினாய், ஆனால் எனக்கில்லை.

செவ்வாய்க்கிழமை நைனா கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். பதினைந்து பேர் இருந்தார்கள். ஸ்பீக்கரில் நீ, "கெழவா, கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா, என் வாழ்க்கைய அவுத்துட்டியே"னு கத்தினாய். யாரோ சிரித்தார்கள். நைனா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நான் கோத்தேனா? ஞாபகம் இல்லியே தமிழு" என்று மட்டும் உன்னிடம் சொன்னார். நீ அதற்குள் வைத்துவிட்டாய்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்டார். "பாப்பா, அந்த வலைய நான் மறுபடி கோத்தேனாமா?"

"ஆமா நைனா, தை மாசம் கோத்தியே, மறந்துட்டியா"னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. பீடிக்குச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நாக்கிலேயே இருந்தது. அவர் விரல் விட்டு எதையோ எண்ணினார். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஏழாவது ஆனியன். சீக்கிரம் போட்டுத் திற. படகு வாங்கினதும் என்னை அடி.

வெண்ணிலா


மால்பே,
13-3-2025

ஆனியன் போட்டேன். திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, நான் அந்த ஆளுக்கு டைப் பண்ணிக் கொடுத்து ஒரு மணி நேரத்தில், எல்லாம் வெளியே போயிருக்கிறது. எங்கே போனது என்று நம்பர் மட்டும் தெரிகிறது, ஆள் தெரியாது. கேட்க ஆபீஸ் கிடையாது, போலீஸுக்குப் போனால் சிரிப்பார்கள். பதினொன்று சரியாக இருந்தால் மிச்சம் ஒன்றை மெஷின் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடும், ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது என்று ராபர்ட் சொல்கிறான். எனக்குத் திறக்காத பூட்டு, திருடனுக்கு அப்படித் திறந்தது.

நீ சரியாக எழுதியிருந்தால் நான் எவனிடமும் போயிருக்க மாட்டேன்.

அம்மா செத்தபோது உனக்கு மூன்று வயசு, எனக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்துக்குக்கூட உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனவன் நான். ஏரி ஓரமாகத்தான் போவேன். அன்றைக்கே கையை விட்டிருக்கலாம்.

நைனாவிடம் நீ என்ன சொன்னாயோ, அதில் எனக்கு இப்போது அக்கறையில்லை.

தமிழ்வாணன்


லைட்ஹவுஸ் குப்பம்,
24-3-2025

அண்ணா,

நீ என்ன எழுதினாலும் சரி. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், முழுக்கப் படி.

உன் கடுதாசியை நைனா படிக்கச் சொன்னார். பணம் போய்விட்டது என்பதை மட்டும் படித்தேன். யாரால் போனது என்று படிக்கவில்லை. மறுநாள் பொன்னேரியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து தன் போட்டிலிருந்த இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்டார். அந்தப் பணத்தைப் பேங்கில் ராபர்ட் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். சலான் நிரப்பியது நான்தான். தொகையை இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்தேன். கவுண்டரில் இருந்தவர் வேறு சலான் கொடுத்தார்.

வெளியே வந்து, "நான் கெடுத்தத நான்தான குடுக்கணும், பாப்பா" என்றார்.

இப்போது கடலுக்குப் போவதில்லை. ஏரியில் கோல் ஊன்றிப் போகிறார். நான் பீடியை ஒளிப்பதில்லை, ஆனால் கட்டு வைத்த இடத்திலேயே இருந்தாலும், மறந்துவிட்டதாக நினைத்து வேறு இடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார். உப்பைத் தொட்டால், "போட்டேனா, போடலியா"னு என்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்.

பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெறும் கையோடு போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதில் ஒரு ஜோக்கும் இல்லை, தேடாதே.

வெண்ணிலா


மால்பே,
31-3-2025

பணம் வந்தது, போட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சின்னப்பன் மாமாவுக்கும் சொல்லிவிட்டேன்.
நைனாவிடம் ஒன்றும் சொல்லாதே, சொன்னால் திருப்பிக் கேட்பார்.
அவர்தான் கோத்தார் என்று ஆரம்பித்தது நீ, அதையே சொல்லிக்கொண்டிரு.
சிரிப்பு வந்தால் சிரி.


லைட்ஹவுஸ் குப்பம்,
9-4-2025

டேய் தமிழு,

நைனா சொல்லச் சொல்ல பாப்பா எழுதறா. இத ஒட்டறதுக்கு முன்னால செசிலியா டீச்சர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேப்பேன். அதனால நான் சொல்றது சொல்ற மாதிரியே எழுதுவா.

எனக்குப் புத்தி தப்பிப் போச்சுன்னு நெனச்சேன். பாப்பாவுக்குச் சொல்லாம பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு கெழம கேட்டாரு, மாசம் கேட்டாரு, நூறுல இருந்து பின்னால எண்ணச் சொன்னாரு. எண்ணினேன். "உனக்கு ஒண்ணும் இல்ல பெரியவரே, யாரு சொன்னா"ன்னாரு.

ஞாயித்துக்கெழம அந்த மிதவைங்கள அவுத்து உனக்கே அனுப்பிடலாம்னு உக்காந்தேன். கைக்கு வரல. நான் போட்ட முடிச்சா இருந்தா கண்ண மூடிக்கினே அவுப்பேன். இது எல்லாம் எதிர்ப்பக்கம் சுத்திக் கீது. பன்னெண்டும் பீச்சாங்கை முடிச்சு. இந்தக் குப்பத்துல பீச்சாங்கையால வலை கோக்கறவன் நீ ஒருத்தன்தான். நீ கட்டினது கட்டினபடி கீது. நான் தொடவே இல்ல.

அப்பறம் உன் கடைசி கடுதாசிய எடுத்தேன். அத பாப்பா எனக்குப் படிச்சிக் காட்டி இருந்தா. "நைனா உடம்பப் பாத்துக்கோ, கோவத்துல பேசிட்டேன், இன்ஜின வித்தத நெனச்சா நெஞ்சு அடைக்குது"ன்னு நீ எழுதி இருந்தியாம். ஒரு பீடி முடியற வரைக்கும் படிச்சா. நானும் அழுதேன். அந்தப் பேப்பர இப்ப வெளிச்சத்துல பாத்தா நாலு வரி. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்.

டீச்சர்கிட்ட எடுத்துக்கினு போனேன். அந்தம்மா பாத்துட்டு மொதல்ல படிக்க மாட்டேன்னுச்சு. அப்பறம் படிச்சுது. வீட்டுல இருந்த மத்ததையும் கொண்டாந்து குடுத்தேன். எல்லாத்தையும் படிச்சுது.

எழுது பாப்பா. ஏன் நிறுத்தற? அழுவறதுக்கு அப்பறம் நேரம் கீது.

இன்ஜினு போனது போவட்டும். திருப்பிக் கேக்க மாட்டேன், நீ பயப்படாத. போட்டு எடு, அந்தப் பொண்ணக் கட்டிக்கோ. பத்திரிகை அனுப்பாத. கடுதாசியும் போடாத. இந்த வீட்டுல படிச்சுச் சொல்ல ஆள் இல்ல.

இப்படிக்கு
எத்திராஜ், கைநாட்டு

எழுதியவள்: வெண்ணிலா